நேர் சனல்

டபுள் கெப் வண்டியை மணல் மேட்டில ஏத்தி நிப்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விடிஞ்சதில இருந்து தனியா இருந்தன். காணாமப் போனது என்ட கூடப் பொறந்த தம்பி அக்மல். நேத்து அவன்ட போட் கவிழ்ந்து கரை ஒதுங்கிச்சு, அவன் வரல்ல. தேடிப் போனது ஊராக்கள். கரையில பெட்டிக்குக் காவல் நான். நல்ல நியாயம்.

"நளீர், ஒனக்குத்தான் அந்தப் பெட்டி வேலை தெரியும், நீ அசையாம இரு" எண்டார் உசனார் நானா. எனக்கு அண்ணன் முறை, தேடுற போட்டுகளுக்கு அவர்தான் பெரியவர். சொன்னது பொய்யில்ல. ஆனா தம்பியைக் காணக்கூடாத கோலத்தில நான் கண்டிருவன் எண்டு, என்னைக் கடலுக்குக் கூட்டிப் போக அந்த மனுசனுக்குப் பயம் எண்டதும் எனக்குத் தெரியும்.

பெட்டி எண்டது வேற ஒண்டுமில்ல, ரிப்பீட்டர். கையில பிடிக்கிற வோக்கி டோக்கிக்குச் சக்தி கொஞ்சம், கடல்ல தூரம் போகாது. கெப்பில நட்டிருக்கிற உயரமான அன்டெனா அந்தக் குரலை ஒரு அலைவரிசையில வாங்கும், வாங்கின கையோட இன்னொரு அலைவரிசையில பலமா வெளிய விடும். தேடப் போன மூணு போட்டும் ஒண்டை ஒண்டு காணாத தூரத்தில நிண்டாலும் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும். எஞ்சின் நிண்டாலும் கெப் மேட்டை விட்டு இறங்கினாலும் அவங்கள்ல ஒருத்தன்ட குரல் ஒருத்தனுக்குக் கேக்காது. அதால மூத்திரத்துக்குக் கூட நான் தூரம் போகல்ல.

எல்லாக் கதையும் என்னைத் தாண்டித்தான் போகுது, என்னோட கதைக்க ஒருத்தரில்ல. "இங்க ஒண்டுமில்ல." "தெற்கால போறன்." "கேன் ஒண்டு மிதக்குது, அவன்ட இல்ல." ஒவ்வொரு குரலுக்கும் பெட்டியில சிவப்பு லைட் பத்தும். அக்மல்ட பொஞ்சாதி ஸஹ்றா வீட்டில இருந்து எனக்கு ஃபோன் எடுத்துக்கொண்டே இருந்தா. "தேடுறாங்க தங்கச்சி" எண்டதை விட்டா என்னத்தைச் சொல்ல? ஃபோனை வெச்சிட்டுக் கடலைப் பாத்து வாய்க்கு வந்தபடி ஏசினன்.

பின்னேரம், அசர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, உசனார் நானா ரெண்டாவது போட்டுக்காரன் ஹுனைஸைக் கூப்பிட்டார்.

"ஹுனைஸ், நேர் சனலுக்கு வா."

அவ்வளவுதான். நேர் சனல் எண்டா பெட்டியை விட்டுட்டு வோக்கியும் வோக்கியும் நேராக் கதைக்கிறது. கிட்டக் கிட்ட நிக்கிற போட்டுகளுக்குத்தான் அது சரி.

எங்கட ஊர்ல மௌத்துச் செய்தியை, அதான் சாவுச் செய்தியை, வீட்டாக்களுக்கு ரேடியோவில சொல்ல மாட்டாங்க. நேர வந்து, கையைப் பிடிச்சு, இருக்க வெச்சுத்தான் சொல்லுவாங்க. மனுசன் அந்த முறையைக் காப்பாத்தத்தான் பாத்தார். ஆனா சனலை மாத்தச் சொன்னதையே என்ட பெட்டியால சொல்லிட்டாரே. அக்மல் உசிரோட கிடைச்சிருந்தா அவர் சனல் மாத்திக்கிட்டா இருப்பார்? கற்பிட்டி ஊர் முழுக்கக் கேக்கக் கத்தியிருப்பார்.

என்ட வோக்கியை நேர் சனலுக்குத் திருப்பினன். இரைச்சலுக்குள்ளால அவர்ட குரல் ஒரு துண்டு வந்திச்சு: "நளீருக்கு இப்ப சொல்லாத." பொறகு அதுவும் இல்ல. வோக்கியைப் பழையபடி பெட்டிச் சனலுக்குத் திருப்பினன்.

அழுகை வரல்ல. இந்த உலகத்தில எனக்கு ஒருத்தருமில்ல எண்டு மட்டும் இருந்திச்சு. எஞ்சினை நிப்பாட்டிட்டு இறங்கி எங்கயாவது நடப்பம் எண்டு சாவியில கையை வெச்சன்.

அப்ப பெட்டியில லைட் பத்திச்சு. மூணாவது போட், தலவில ஊர்க் கில்பட். அவன் மத்த ரெண்டு பேரையும் விட வெகு தூரத்தில நிண்டவன், அவனுக்கு நேர் சனல் எட்டாது.

"உசனார் நானா, ஹுனைஸ், ஏன் ஒருத்தரும் கதைக்கல்ல? இங்க கடல் மோசமாகுது."

ஒருத்தரும் பதில் சொல்லல்ல. அவங்க இன்னும் மத்தச் சனல்லதான். கில்பட் திரும்பவும் வந்தான்.

"சரி, அக்மலை விட்டுட்டு நான் வர மாட்டன். இன்னும் உள்ளுக்குப் போய்த் தேடுறன்."

விடிஞ்சதில இருந்து தொடாத, வோக்கியில கதைக்கிற பட்டனை அமத்தினன்.

"கில்பட், நான் நளீர். போகாத, கரைக்கு வா. தம்பியை எடுத்திட்டாங்க. மௌத்து."

கில்பட்ட குரல் வந்திச்சு.

"நளீர் நானா, ஆரு உங்களுக்குச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீ வா."