லூசெரோவுக்கு எந்தக் கால் நொண்டி

நயாதெத் அக்கா, தூங்கிவிட்டாயா? தூங்கியிருந்தால் காலையில் படி. அதற்குள் என் கதி என்னவென்று ஊருக்கே தெரிந்திருக்கும். இப்போது மணி ஒன்று. விடிகாலை ஐந்து மணிக்கு நான் கிளாவெலையும் லூசெரோவையும் நுகத்தில் பூட்டி, முன்னால் நடத்திக்கொண்டு கடலோர வயலுக்குப் போக வேண்டும். நான் இதுவரை கோழியைக்கூட ஒழுங்காக ஓட்டியதில்லை. போர்வைக்குள் போனில் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே. பக்கத்து அறையில் அம்மா இன்னும் தூங்கவில்லை. அதனால் பேசாமல் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு காகிதத்தால் வந்த வினை. எங்கள் பள்ளிக்கு சாந்தியாகோவிலிருந்து புதிதாக வால்திவியெசோ சார் வந்திருக்கிறார். தோன்யா எடெல்மிரா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார். ஏப்ரல் முதல் வாரம் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ‘இலையுதிர் காலத்தில் ஊருக்கு உதவப் பதினைந்து வழிகள்’ என்று தலைப்பு. முதல் வழி, பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைக் கூட்டுவது. ஆபெல் கையைத் தூக்கி, எந்த இலை சார் என்று கேட்டான். சார் ஜன்னல் வழியாகப் பூங்காவை எட்டிப் பார்த்தார். இலையே உதிர்க்காத நம் ஊர் மரமெல்லாம் ஏப்ரல் மழையில் பச்சைப்பசேல் என்று நின்றது. சரி, முதல் வழியை விட்டுவிடுங்கள் என்றார்.

பின்பக்கத்தில் கட்டங்கள். இருபது மணி நேரம் சமூகத்தொண்டு செய்து, உதவி பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, மாதக் கடைசித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதாவது வருகிற திங்கள். என்னுடைய கட்டங்களில் ஈ கூட உட்காரவில்லை.

அப்பா ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டைச் சரிபார்க்க அவர் காஸ்த்ரோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிப்பி ஆலையில் மாலை ஷிப்ட். இந்த வாரத் தொடக்கத்தில் வீட்டில் நான் மட்டும்தான். அப்போதுதான் மூன்று பேர் மூன்று நாளில் வந்தார்கள். திங்கட்கிழமை கடலோர வீட்டு ஐயா தோன் சிரியாகோ. செவ்வாய்க்கிழமை நடுமேட்டு அம்மாள் தோன்யா எடெல்மிரா. புதன்கிழமை மேட்டு உச்சியிலிருந்து ரோசமெல் மான்சியா. மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, மாத்தே இலைத் தேநீர் குடித்து, மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோலக் கேட்டார்கள். சனிக்கிழமை எங்கள் உருளைக்கிழங்கு மிங்கா, இந்த வீட்டிலிருந்து ஒரு கை கிடைத்தால் புண்ணியமாகப் போகும் என்று.

நான் கணக்குப் போட்டேன். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, மாலை ஒரு வீடு. மூன்று கையெழுத்து. மூன்று பேரிடமும் சந்தோஷமாக வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, நான் என்னைத்தான் சொன்னேன். ஆனால் நம் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணைத் தேடி யார் வந்து இரண்டு கெட்டில் மாத்தே குடிப்பார்கள்? அவர்கள் வீட்டைக் கேட்டார்கள். கார்கமோ வீடு என்றால் அப்பா, அம்மா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளாவெலும் லூசெரோவும். இந்தச் சரிவில் ஏர் இழுக்க வேறு எருதே கிடையாது. வியாழக்கிழமை கடையில் ரோசமெல் உப்பு வாங்கிக்கொண்டே, கார்கமோ வீட்டு மாடு சனிக்கிழமை நமக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னார். நான் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஏன் பயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு நான் உன் வயலில், நாளைக்கு நீ என் வயலில், நடுவில் வயிறு முட்டச் சாப்பாடு. அவ்வளவுதான் மிங்கா. சொன்ன வார்த்தைக்கு ஒரு வீடு வராமல் போனால், அந்த வீட்டு வயலுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நெஸ்தோர் வீட்டுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி, குளிர்காலம் முழுக்கக் கடை மாவைத் தின்றார்கள். நம் கிழங்கு முழுக்க இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நம் மிங்கா. அப்பாவுக்கு ஒரு கை. ஊர் வராவிட்டால் நாங்கள் தீர்ந்தோம்.

அதனால் வியாழன் மாலையே தோன்யா எடெல்மிராவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அங்கே பன்றியை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். வீடு முழுக்க வறுவல் வாசனை. என் கையில் ஒரு தட்டைத் திணித்தார். வாயில் கறியை வைத்துக்கொண்டு எப்படி உண்மை பேசுவது? லூசெரோ நொண்டுகிறது என்று சொல்லிவிட்டேன்.

சுற்றுவட்டாரத்தில் மாட்டு வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் தோன்யா எடெல்மிராதான். அது தட்டு காலியான பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்றைக்குச் சாயங்காலம் வாளி நிறையப் பச்சிலைக் குழம்போடு வந்துவிட்டார். அவரிடமிருந்து செய்தி கேட்டு, தோன் சிரியாகோ தன் முழங்காலுக்குப் போடும் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஏன் நம் தொழுவத்துக்குப் போகிறார்கள் என்று பார்க்க ரோசமெல் வந்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்பா கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டபடி வாசலில் நின்றார்.

“எந்தக் காலு புள்ள?” என்றார் தோன்யா எடெல்மிரா.

“முன்னங்கால். இடது.”

அவர் குனிந்து தூக்கிப் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். கால் கல் மாதிரி இருந்தது. நான் உடனே, பின்னங்காலாகவும் இருக்கலாம் என்றேன். தோன் சிரியாகோ பின்னங்காலுக்குப் போனார். அதற்குள் லூசெரோ வாளிக்குள் மூக்கை விட்டு, பச்சிலைக் குழம்பைப் பாதி குடித்துவிட்டுத் தலையை ஆட்டியது.

“மாட்டுக்கு ஒண்ணுமில்ல,” என்றார் தோன்யா எடெல்மிரா, என்னைப் பார்த்தபடி. “நொண்டுறது வேற எதுவோ.”

பிறகு எதற்கு மறைக்க? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். காகிதம், கட்டங்கள், மூன்று கையெழுத்து எல்லாம். அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லோரையும் உள்ளே கூட்டிப் போய் அடுப்பருகில் உட்கார வைத்தார்.

“எங்க வீட்டு வார்த்தை மூணா கெளம்பிப் போயிருக்கு,” என்றார். “மாடு ஒரு ஜோடிதான். நீங்களே சொல்லுங்க, யாருக்கு நான் தலை குனியணும்?”

அப்புறம் ஆரம்பித்தது பார், மரியாதை. தன் கிழங்கு தாங்கும், எடெல்மிரா வீட்டுக்கு முதலில் போகட்டும் என்றார் சிரியாகோ. பக்கத்தில் ஆள் இருக்கும்போது தான் எப்படி எடுத்துக்கொள்வது, ரோசமெல் வீட்டில் சின்னக் குழந்தைகள் என்றார் எடெல்மிரா. மூத்தவர் முதலில் என்றார் ரோசமெல். தன்னை மூத்தவர் என்று யார் சொன்னது என்று சிரியாகோவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெருமழை என்று ரேடியோ சொல்லியிருக்கிறது, மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுப்பதில் விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாரில்லை.

கடைசியில் தோன்யா எடெல்மிரா கரண்டியால் மேசையைத் தட்டினார். மூன்று வயலும் ஒரே நாள். கடலோரத்தில் தொடங்கி மேட்டுக்கு ஏற வேண்டும். மூன்று வீட்டு ஆட்களும் ஒரே கூட்டம். ஆனால் மூன்று வீட்டிலும் அடுப்பு மூட்டியாகிவிட்டது, அதனால் மூன்று வீட்டிலும் சாப்பிட வேண்டும், ஒரு தட்டு குறையக்கூடாது.

மாட்டை யார் நடத்துவது என்று ரோசமெல் கேட்டார். ஒரு வயல் என்றால் அப்பா ஒற்றைக் கையோடு நடத்திவிடுவார் என்று அவரவர் நினைத்திருந்தார்கள். மூன்று வயல் என்றால் எலும்பு மறுபடி முறிந்துவிடும். வேற்று ஆள் முன்னால் நின்றால் கிளாவெல் படுத்துக்கொள்ளும்.

“வாய் குடுத்தது யாரு?” என்றார் தோன்யா எடெல்மிரா. “அந்த வாயே நடந்து வரட்டும்.”

இதுதான் அக்கா என் கதை. கிளாவெல் படுத்தால் நம் வார்த்தையும் படுத்துவிடும். நான்கு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். எனக்காகக் கும்பிட்டுக்கொள்.

*

அக்கா, ஞாயிறு இரவு. உயிரோடு இருக்கிறேன். உன்னுடைய பதினோரு செய்திகளுக்கும் சேர்த்து ஒரே பதில்.

கிளாவெல் படுத்தது. முதல் வயலில், முதல் சாலில், நாற்பது பேர் பார்க்க, இந்தப் பெண்ணுக்கெல்லாம் நான் நடப்பதா என்பதுபோல. லூசெரோ பாவம், நுகத்தோடு சாய்ந்து நின்றது. ஏர் பிடித்திருந்த ரோசமெல் மெதுவாக, “அதுகிட்ட கெஞ்சாத, அதுக்குத் தெரிஞ்சுடும்” என்றார். நான் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது வேலியோரம் இருந்து விசில் சத்தம் கேட்டது. அப்பா. ஏர் ஓட்டும்போது எப்போதும் அடிப்பாரே, ராகம் இல்லாத அந்த விசில். கிளாவெல் காதைத் திருப்பியது, எழுந்தது, நடந்தது. விசில் நின்றால் அதுவும் நின்றது. அதனால் அப்பா நாள் முழுக்க வேலி வேலியாக உட்கார்ந்து விசிலடித்தார். மதியத்துக்குள் உதடு வெடித்துவிட்டது, சிரியாகோவின் முழங்கால் தைலத்தைத் தடவிக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன். கிளாவெலின் மூச்சு என் பிடரியில் சுட்டது. ஏர் கிழித்த சாலில் கருநீலக் கிழங்கும் சிவப்புக் கிழங்கும் புரண்டு புரண்டு வெளியே வந்தன, பின்னால் எல்லோரும் குனிந்து கூடையில் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

வால்திவியெசோ சாரும் வந்திருந்தார். தோன்யா எடெல்மிரா வீட்டில் இருந்துகொண்டு வராமல் இருக்க முடியுமா? வெள்ளை ஷூ போட்டு வந்தார். கடலோர வீட்டில் துருவிய கிழங்கில் சுட்ட மில்காவ் அடை நன்றாக இருக்கிறது என்று ஆறைத் தின்றுவிட்டார். இன்னும் இரண்டு வீடு பாக்கி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நடுமேட்டு வீட்டில் அவருக்கென்று பன்றிக்கறி மலைபோல வந்தது. போதும் என்று சொல்லிப் பார்த்தார். நல்லா இல்லையா சார் என்று தோன்யா எடெல்மிரா வருத்தமாகக் கேட்டார். மறுபடி சாப்பிட்டார். மேட்டு உச்சிக்கு அவரைக் கிழங்கு வண்டியில்தான் ஏற்றிப் போனோம்.

மூன்றாவது வயலில் கடைசி நான்கு சால் இருக்கும்போது தூறல் விழுந்தது. கிளாவெலுக்கு நுரை தள்ளியது. அப்பா விசிலை நிறுத்தினார். மாட்டை அவிழ்த்துவிட்டு எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கினோம். நானும், அம்மாவும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாரும். கடைசிக் கூடை கூரைக்குக் கீழே போனபோதுதான் மழை பிடித்துக்கொண்டது.

ரோசமெல் வீட்டில் மூன்றாம் சாப்பாடு. நான் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தேன். நனைந்து மடிந்து போயிருந்தது. ஒரு கையெழுத்து போடுகிறீர்களா என்று ரோசமெலிடம் கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“நீ எனக்கு வேலை செஞ்சதுக்கு நான் பேப்பர் குடுக்கணுமா? அப்ப நான் உனக்கு என்ன ஆளு?”

சார் எழுந்து வந்தார். என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கினார், மூக்குக் கண்ணாடியில் இருந்த சேற்றை அதால் துடைத்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததும் தோன்யா எடெல்மிரா அவரிடம், மூன்று வீட்டில் சாப்பிட்ட வயிறு நான்காம் வீட்டுக்கும் கடமைப்பட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பெல்ட்டைத் தளர்த்தினார்.

இன்றைக்குத்தான் நிஜமான பயம். வேலை செய்தாகிவிட்டது, ஆனால் நம் மிங்காவுக்கு இன்னும் முறையாகக் கேட்கவில்லை. கேட்காமல் யாரும் வர மாட்டார்கள். அப்பா காலையில் என்னைக் கூப்பிட்டு, நீயே போய்க் கேள் என்றார். பொய் சொன்ன வாய்க்கு என்ன பதில் வருகிறது என்று தெரிய வேண்டாமா?

கொட்டும் மழையில் முதலில் நடுமேட்டுக்குப் போனேன். உட்கார்ந்தேன். மாத்தே குடித்தேன். மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எழுந்திருக்கும்போது, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, சனிக்கிழமை எங்கள் கிழங்கு, இந்த வீட்டிலிருந்து ஒரு கை கிடைத்தால் புண்ணியமாகப் போகும் என்றேன்.

தோன்யா எடெல்மிரா பெருமூச்சு விட்டார். அடுப்பைப் பார்த்தார்.

“வரலாம்தான் புள்ள. ஆனா பாரு, எனக்குக் காலு நொண்டுது.”

நெஸ்தோர் வீடு கண்முன் வந்தது. கடை மாவு கண்முன் வந்தது. அப்புறம்தான் அவர் உதட்டோரம் துடிப்பதைக் கவனித்தேன்.

“எந்தக் காலு?” என்று கேட்டேன்.

“முன்னங்காலு. இடது,” என்றார். “பின்னங்காலாவும் இருக்கலாம்.”

கடலோரம் போனால் தோன் சிரியாகோ கதவுக்கே நொண்டிக்கொண்டு வந்தார். மேட்டு உச்சியில் ரோசமெல், அவர் மனைவி, மூன்று குழந்தைகள், எல்லோரும் வரிசையாக நொண்டினார்கள். கடைக்குட்டி இரண்டு காலும் நொண்டி என்று தவழ்ந்தே வந்தான். எல்லோரும் வருகிறார்கள் அக்கா. சிரியாகோவின் மருமகன்கள் உட்பட நாற்பத்து மூன்று பேர். சாரோடு நாற்பத்து நான்கு.

அம்மாவிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பன்றியைப் பார்த்துவிட்டு வந்தாள். நம்மிடம் இருப்பது ஒரு பன்றி. அதுவும் நீ ஊரை விட்டுப் போன பிறகு வாங்கிய சின்னது. இப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், ஆனால் தூங்கவில்லை. நாற்பத்து நான்கு பேருக்கு மில்காவுக்கு எத்தனை கிழங்கு துருவ வேண்டும், யார் துருவப் போகிறார்கள் என்று யோசிக்கிறாள்.

யார் என்று எனக்குத் தெரியும். நீ வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடேன்.