முழிக்கிற முகம்

பிரதம மந்திரி நெற்றியில் பொட்டு உண்டா, இல்லையா என்ற சந்தேகம் எங்கள் அச்சாபீஸுக்கு வந்தது அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில். சிவகாசியில் அதற்கு முன் அப்படியொரு சந்தேகம் வர வழியே இல்லை. அதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஆண்கள். ஆண்களின் நெற்றியை யார் பார்த்தார்கள்?

விருதுநகர் வத்தல் மண்டி மொக்கைச்சாமி எங்களுக்குப் பழைய வாடிக்கை. வருஷா வருஷம் காலண்டருக்கு முருகன் அல்லது மீனாட்சி என்று கேட்பவர், அந்த வருஷம் புதிதாகக் கேட்டார்.

"புது மந்திரியம்மா படத்தைப் போடுங்க. எங்க ஊர்க்காரர் முன்ன நின்னு ஒக்கார வச்ச அம்மால்லா? எங்க மண்டிப் பேரு அவுக படத்துக்குக் கீழ இருக்கட்டும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். படம் எழுத வேண்டியவன் நான்.

என் பெயர் சங்கரலிங்கம். லித்தோ கல்லில் படம் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். பதினெட்டு வருஷம் அப்படி எழுதி எழுதி, மனிதர்கள் பேசுவதையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதனால் எனக்குச் சிநேகிதர்கள் குறைவு.

மாதிரிக்கு என்னிடம் இருந்தது பேப்பரில் வந்த ஒரு படம். புருவங்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பொட்டா, மை தெறித்ததா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதே மாதிரிப் புள்ளி கன்னத்திலும் இருந்தது, எதிரே இருந்த மைக்கிலும் இருந்தது. மைக்குக்கு எவன் பொட்டு வைப்பான்?

"அண்ணாச்சி, அவுக வீட்டுக்காரர் செத்து ஆறு வருசமாச்சு. பொட்டு எங்கன இருந்து வரும்?" என்றாள் வள்ளித்தாய்.

வள்ளித்தாய் பெண்கள் பகுதியில் வேலை செய்தாள். காலண்டருக்குத் தகரம் அடிப்பது, தேதித் தாள் ஒட்டுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் அந்தப் பகுதி. முப்பது வயதுதான் இருக்கும். மல்லாங்கிணறில் கிணறு வெட்டும்போது பாறை சரிந்து புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. சிவகாசியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். எட்டாவது படித்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை விரித்து வைத்து மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

அந்த அம்மா பதவிக்கு வந்த ஜனவரியிலிருந்து அவர்கள் வேறெதையும் வாசிக்கச் சொல்லவில்லை. மந்திரியம்மா சேதிதான் வேண்டும். சின்ன வயதில் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வானர சேனை வைத்தார் என்று வாசித்தால், "குரங்குச் சேட்டை அப்பமே இருந்திருக்கு" என்று சிரிப்பார்கள். ஜெயிலுக்குப் போனார் என்றால் "அய்யோ, பொம்பளைப் பிள்ளையவா?" என்பார்கள். அவர்களில் மாடத்தி என்று ஒருத்தி. வாய் சும்மா இருக்காது.

"ஏ வள்ளி, ஒரு கேள்வி. மந்திரிமாரு காலையில வேலைக்குப் போறாக. எதுத்தாப்புல இந்தம்மா வாறாக. சகுனம் சரியில்லைன்னு அம்புட்டுப் பேரும் வீட்டுக்குத் திரும்பிப் போய், தண்ணி குடிச்சிட்டு மறுபடி வருவாகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. "அதைத்தான் எந்தப் பேப்பர்லயும் போட மாட்டேங்கான்" என்றாள். உண்மையிலேயே அவள் தேடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பெண்கள் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்த பஞ்சம்மாளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ஆவணியோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள். அடுத்த மேஸ்திரி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நிறம் ஒரு நூல் விலகி விழுந்த தாளைக் கட்டைப் புரட்டும்போதே பார்த்து எடுத்துவிடுவாள் வள்ளித்தாய். ஆனால் முதலாளி சீனிவாசகம் தயங்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிற மனிதர், அவ்வளவுதான்.

"வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது சங்கரலிங்கம். ஆனா மேஸ்திரின்னா காலையில முத ஆளா வந்து வாசக் கதவைத் தெறக்கணும். நம்ம ஆபீஸு தினமும் முழிக்கிற மொகம் அது. யோசிச்சுப் பாரும்" என்றார் என்னிடம்.

வள்ளித்தாய் என்னிடம் வேறு விதமாகச் சொன்னாள். "எங்க வீட்டுல யாராச்சும் வெளிய கெளம்புனா நான் கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிடுதேன் அண்ணாச்சி. பத்து வருசமா நிக்கேன். ஒரு கதவையாச்சும் முன்னால நின்னு தெறந்து பாக்கணும்னு இருக்கு."

அவளுக்காக முதலாளியிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது. இப்படியெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டேன். சரியாகச் சொன்னால், பயந்தேன்.

படத்தைப் பொட்டில்லாமல்தான் முதலில் எழுதினேன். வேறு பேப்பர்கள், பழைய வாரப் பத்திரிகைகள் எல்லாம் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் பட்ட எதிலும் பொட்டு இல்லை. முன்தலையில் ஒரு வெள்ளைக் கீற்று. நீண்ட மூக்கு. கொஞ்சம் களைத்த கண்கள். எனக்கே அந்த முகம் பிடித்துப்போயிற்று. பதினெட்டு வருஷமாக மூக்கும் முழியுமாக லட்சுமி, சரஸ்வதி என்று எழுதியவனுக்கு, யோசித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் முகம் புதிதாக இருந்தது.

முதலாளி பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, நெத்தி மொட்டையா இருக்கு?"

"அவுக அப்படித்தான் இருக்காக மொதலாளி."

"இருக்கட்டும்யா. காலண்டரு வீட்டுல மாட்டுறது. கண்ணு முழிச்சதும் ஜனங்க பாக்குறது. ஒரு வருசம் பூரா வெறும் நெத்தியில முழிச்சா வெளங்குமா? ஏற்கெனவே ரூவா மதிப்பைக் கொறைச்சு இங்க் வெலை எங்கேயோ போயிருச்சு. எல்லாம் அதனாலதான்."

தாள் எடுக்க வந்த வள்ளித்தாய் கேட்டுக்கொண்டு நின்றாள். "அதுக்கு முன்னாலயும் அரிசிக்கு வரிசையில நின்னோமே மொதலாளி. அப்போ ஆண்டது யாரு நெத்தி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலாளி அவள் போன பக்கம் பார்த்துவிட்டு, "பொட்டு வையும்" என்றார் என்னிடம்.

வைத்தேன். கை வைத்த பிறகு கை நிற்கவில்லை. சிவப்புக் கல்லில் பொட்டு விழுந்ததும் நெற்றி மட்டும் தனியாகத் தெரிந்தது. அதற்குத் தோதாக மூக்குத்தி வைத்தேன். வெள்ளைக் கீற்றைக் கறுப்பாக்கினேன். கொண்டையில் ஒரு முழம் மல்லிகை. கன்னத்தைக் கொஞ்சம் பூசினாற்போல் ஆக்கினேன். பழகிய கை அது. லட்சுமி இல்லாமல் அதற்குத் தூக்கம் வராது.

ஆவணி முதல் வாரம் புரூப் பார்க்க மொக்கைச்சாமி வந்தார். அவர் வருகிறார் என்றதும் முதலாளி வள்ளித்தாயைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னார். அவளும் போனாள். நான் புரூப் தாளை மேஜையில் விரித்தேன்.

மொக்கைச்சாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்சமா இருக்கு. யாரு, மொதலாளி வீட்டம்மாவா?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "அண்ணாச்சி, இது நம்ம மந்திரியம்மால்லா?"

"மந்திரியம்மாவா? கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற அம்மா மாதிரில்லா இருக்கு! விருதுநகர்ல சின்னப் பிள்ளைக்குக் கூட அவுக மொகம் தெரியும். இதைக் கொண்டுபோய் மாட்டுனா என் மண்டையில கல்லெறிவானுக. பொட்டு எங்கன இருந்து வந்துச்சு?"

"முழிக்கிற மொகம்லா..." என்று இழுத்தார் முதலாளி.

"அட போங்க! நாட்டையே ஆளுறாக. அந்த மொகத்துல முழிச்சா என்ன கொறைஞ்சு போச்சு? இருக்கிறபடி போடுங்க."

அப்போதுதான் பின்கட்டுக் கதவு திறந்தது. வள்ளித்தாய் வந்து மேஜைக்கு எதிரே, மொக்கைச்சாமியின் முகத்துக்கு நேராக நின்றாள். கையில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஐயா, தப்பா நெனைக்காதீக. உங்க காலண்டரை வாங்கிட்டுப் போற அம்புட்டு வீட்டுலயும் காலையில அந்த அம்மா மொகத்துலதான முழிப்பாக?"

"ஆமா தாயி."

"நானும் அவுகளை மாதிரிதான், வீட்டுக்காரர் இல்லாதவ. இந்த ஆபீஸுக் கதவை நான் தெறந்தா ஆகாதுங்காக."

மொக்கைச்சாமி முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனிதர் சங்கடப்பட்டுவிட்டார். "அவுக வேற இல்லையா தாயி? அவுக மந்திரி."

"அவுக மந்திரி ஆகலாம், நான் மேஸ்திரி ஆகக் கூடாதாய்யா?"

முதலாளி என்னைப் பார்த்து, "நீர் என்னய்யா சொல்லுதீரு?" என்றார். என்னைக் காப்பாற்று என்று கேட்கிற குரல் அது. நான் புரூப் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பொட்டைச் சுரண்டி எடுத்திருதேன் மொதலாளி. மத்தது உங்க பாடு" என்றேன். அதுதான் அன்றைக்கு என்னால் முடிந்த தைரியம்.

மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேள்வி சரியாத்தான இருக்கு, மொதலாளி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாடிக்கைக்காரர் சொல் அல்லவா? மறுநாள் சாவி வள்ளித்தாயிடம் வந்தது.

கல்லில் வைத்த பொட்டை எடுப்பது லேசு. கத்தி முனையால் பூப்போலச் சுரண்டி, படிகாரத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும். மூக்குத்தியும் மல்லிகையும் அப்படியே போயின; முன்தலைக் கீற்று மறுபடி வெள்ளையாயிற்று. முதலாளி மனதில் இருந்ததை எடுக்க எனக்குக் கத்தி இல்லை. சாவி கொடுத்த அன்றிலிருந்து அவர் ஆபீஸுக்குப் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார்.

தாள் லோடு இறக்குகிற சந்து அது. வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, தலை குனிந்து உள்ளே வருவார். யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்கு மேல் அவளைக் கூப்பிட்டு ஆர்டர், சீசன் எல்லாம் நன்றாகத்தான் பேசுவார். காலையில் முதலில் அவள் முகம் மட்டும் கூடாது.

வள்ளித்தாய் தினமும் நேரத்துக்கு வந்து முன்கதவைத் திறந்தாள். ஒரு நாள் மட்டும், முன்வாசலில் சாவியோடு நின்றவள் பின்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொட்டு வைத்த என் கையின் மேலேயே கோபம் வந்தது.

ஐப்பசியும் கார்த்திகையும் வேலையில் போயின. காலண்டர் நன்றாக வந்திருந்தது. மண்டிக்காரர் இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். சீசன் முடிந்து வருஷமும் பிறந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை. நான் பின்கட்டில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வழக்கம்போல் சாக்கடையைத் தாண்டி, குனிந்து உள்ளே வந்து, நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிர்ச் சுவரில், அவர் முகத்துக்கு நேராக, காலண்டர் தொங்கியது. வெறும் நெற்றி, வெள்ளைக் கீற்று, களைத்த கண்கள். அன்றைய தேதி வரை கிழித்து விட்டிருந்தது. நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்பது கூட அதிலேயே இருந்தது.

"யாருய்யா இதை இங்கன மாட்டுனது?"

"மேஸ்திரியம்மா" என்றேன். அதுவரை நான் அவளை வள்ளி என்றுதான் சொல்லி வந்தேன்.

முதலாளி கையை நீட்டினார். படத்துக்குக் கீழே மண்டியின் பேர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் அவருடைய அச்சாபீஸ் பேர். கை பாதியில் நின்றது.

"கழட்டிரவா மொதலாளி?"

"வேண்டாம்யா" என்றார். "எந்த வாசல்ல வந்தாலும் விட மாட்டா போலிருக்கே" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னது எந்த அம்மாவை என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அவர் முன்வாசல் வழியாக வந்தார். அப்போதுதான் கதவைத் திறந்துவிட்டு நின்ற வள்ளித்தாய், பத்து வருஷப் பழக்கத்தில் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏன் தாயி ஒதுங்குதே? முன்னால வா" என்றார் முதலாளி. "மதுரை லோடு எப்போ வருது?"

"பதினோரு மணிக்குங்க" என்று வெளியே வந்து சொன்னாள் அவள்.

அன்றைக்கு என்ன கெடுதல் வரப்போகிறது என்று நானும் சாயந்திரம் வரை கவனித்தேன். மூன்று மணிக்குக் கரண்டு போயிற்று. அது முந்தின நாளும் மூன்று மணிக்குத்தான் போயிருந்தது.