தொப்பைக்குள் போன ஆரஞ்சு

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கூடை ஆரஞ்சைக் காலி செய்துவிடுவார் டொகுஜி. ஷிசுவோகா மலைச்சரிவில் அவருக்கு ஆரஞ்சுத் தோட்டம். ஆனால் பனிக்காலத்தில் ஆரஞ்சு தின்று உள்ளங்கை மஞ்சளாவதென்னவோ, ஒரு நாளைக்கு நாலு பழம் உரித்தாலே அதிகம் என்கிற அவர் மனைவி சுமியேவுக்குத்தான். டொகுஜிக்குத் தொப்பைதான் மிச்சம்.

அந்த வருடம் ஊர் மருத்துவ முகாமில் ரத்தத்திலுள்ள கரோட்டினாய்டையும் அளந்தார்கள். ஆரஞ்சுக்கு நிறம் தருகிற சத்து அது.

"என் ரத்தமே ஜூஸுதான்யா, கிளாஸ் கொண்டா!" என்று பக்கத்துத் தோட்டத்து கன்ஸோவிடம் பீற்றிக்கொண்டார் டொகுஜி.

முடிவு வந்தது. சுமியேவுக்கு எக்கச்சக்கம், டொகுஜிக்குக் குறைவு.

கன்ஸோ விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீ தின்னதெல்லாம் பொரிச்ச பன்னிக்கறியா?"

சுமியே கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மையச் சொல்லுங்க. நான் குடுக்குற பழத்தையெல்லாம் எவளுக்குக் குடுக்குறீங்க?"

"அய்யோ, என் வயித்துக்குள்ளதாண்டி போகுது!"

முகாமுக்கு வந்திருந்த டாக்டர் ஹொஸுமி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவர் பொய் சொல்லலீங்க. இந்தச் சத்து கொழுப்புல கரையும். உடம்புல கொழுப்பு ஜாஸ்தின்னா அங்க போய்த் தங்கிடலாம். குண்டா இருக்கறவங்க பலருக்கு ரத்தத்துல கம்மியாத்தான் வருது."

"அடேயப்பா! நம்ம பாதி விளைச்சல் இவரு தொப்பையிலயா கெடக்குது?" என்றாள் சுமியே.

மறுநாள் காலை, கூடைகளோடு டொகுஜியையும் மேலே ஏற்றிச் செல்லும் தண்டவாள வண்டி கிளம்பவில்லை. "ரிப்பேர். மெக்கானிக் இப்ப வரமாட்டானாம்" என்றாள் சுமியே, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. டொகுஜி மெக்கானிக்கின் வம்சத்தையே திட்டியபடி தினமும் மலையேறினார். பனிக்காலம் முழுக்க ஏறினார்.

ஒருநாள் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, கீழிருந்து கடகட சத்தம். அந்த வண்டிதான்! கூடைகளுக்கு நடுவே சுமியே சொகுசாக உட்கார்ந்து வந்தாள்.

"ரிப்பேர்னியேடி!"

"உங்களுக்கு மட்டுந்தாங்க ரிப்பேர்!"

கையை ஓங்கிக் கத்தப் போனார்; கால்சட்டை நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார். ஓடி, எட்டிப் பிடித்து ஏறியும்விட்டார். இருவருக்குமே நம்பமுடியவில்லை.

"தள்ளி உக்காருடி" என்றார், இளைத்துக்கொண்டே.


சுமியே நகர்ந்தாள். அதிகம் நகர வேண்டியிருக்கவில்லை.