நடுவழியில் தீர்ந்த சந்தா

எங்கள் வீட்டில் வீண்செலவுக்குக் கத்தரி போடுவது என் இலாகா. கணவர் ஆசைப்பட்டு வாங்கிய கேம் கன்சோலுக்கு மாதாமாதம் ஆன்லைன் சந்தா போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டே வெகுநாளாகிறது. பெட்டிக்கும் காசு, இணையத்துக்கும் காசு, நாலு பேரோடு சேர்ந்து விளையாட இன்னொரு காசா? பகல் கொள்ளை. யாரையும் கேட்காமல் அடுத்த மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு, நிம்மதியாகத் துணி மடிக்கப் போனேன்.

அதில் என் மாமனார் பேருந்து ஓட்டுவது எனக்குத் தெரியும். நிஜத்திலும் பேருந்து ஓட்டியவர்தான். பார்வை மங்கியதால் வேலையை விட்டார். டிவியை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏதோ பொழுதைப் போக்குகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம், கட்டிய சந்தா தீர்ந்துபோனது.

"என்னம்மா, வண்டி நின்னுடுச்சு" என்றார் மாமா.

"நான்தான் மாமா சந்தாவ நிறுத்தினேன். தனியா ஓட்டுங்க, அதுக்குக் காசு வேண்டாம்."

"உள்ள ஆளுங்க இருக்காங்கம்மா. எங்கெங்கயோ வீட்டுல உக்காந்து விளையாடுற நிஜ ஆளுங்க. பாலத்து மேல போய்க்கிட்டு இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்ம பஸ்தானே மாமா. யாரும் வீட்டுக்கு நடந்து போக வேண்டியதில்ல."

அவர் சிரிக்கவில்லை. "சர்வீஸ்ல ஒருத்தரையும் நான் நடுவழியில விட்டதில்ல. டயர் வெடிச்சா, மாத்து வண்டி வந்து எல்லாரும் ஏறுற வரைக்கும் கூடவே நிப்பேன்."

அன்று பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டார். மறுநாள் டிவி பக்கமே போகவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த மௌனம் என்னைப் படுத்தி எடுத்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மறுபடி சந்தா கட்டினேன். "என்ன, கத்தரி மழுங்கிடுச்சா?" என்று கணவர் கிண்டலடித்தார். முறைத்ததும் அடங்கிவிட்டார்.

மாமாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து உட்கார வைத்தேன். திரையில் அதே பாலம். பேருந்து நின்ற இடத்திலேயே நின்றது. அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் பேசினார்.

"நேத்து வண்டி பாதியில நின்னுபோச்சு. தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிக்கணும்."

மருமகள் செய்த வேலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாமா பொத்தானைத் தொடாமல் காத்திருந்தார். அப்புறம் டிவியிலிருந்து ஒரு பெண்குரல், கொட்டாவியோடு கேட்டது.

"நாங்க இன்னும் இறங்கவே இல்ல, டிரைவர் சார். வண்டிய எடுங்க."