கேப்டன் பெலிகனின் அம்மா உயிரோடு இருக்கிறாளா?

"மாக்ஸினைப் பத்து நிமிஷத்துக்குள்ள கொன்னுடணும்" என்று பிராக் லானிகன் சொன்னபோது, இயக்குநர் வெண்டல் கார்மடியின் வாயில் பாதி டோனட் இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கொல்லச் சொன்னது நடிகை மாக்ஸினை அல்ல, படத்தில் அவள் நடித்த அம்மாவை. வெண்டல் இரண்டு வருடம் உழைத்து எடுத்த படம் 'கேப்டன் பெலிகன்'. சாண்டா மோனிகா கடற்கரையில் உயிர்காப்பாளனாக இருக்கும் ஒருவனுக்குப் பறக்கும் சக்தி வருகிறது. கழுத்தடியில் பெலிகன் பறவைக்கு இருப்பதுபோல் ஒரு பெரிய பை. கடலில் மூழ்குகிறவர்களை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு கரைக்குப் பறப்பான். உடை, எலுமிச்சம்பழ மஞ்சள். அவன் அம்மா ரெசீடாவில் கார் கழுவும் நிலையம் நடத்துகிறாள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வரும் மகனை, "ஈரக்காலோட உள்ள வராதே!" என்று விரட்டுவாள். வில்லனின் காரையும் அவள்தான் கழுவுகிறாள்.

பிராக், ஸ்டுடியோவில் பெரிய நாற்காலிக்காரர். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காபி.

"ஜனங்க வலியில இருக்காங்க, பிரதர்" என்றார்.

"அதனாலதான் கொஞ்சம் சிரிக்கட்டும்னு..."

"சிரிப்பு பிறந்தநாள் கேக் மாதிரி. அடுத்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மத்த ஸ்டுடியோ சூப்பர் ஹீரோக்களைப் பாரு. ஒருத்தனுக்குப் பொண்டாட்டி செத்துட்டா. ஒருத்தனுக்கு கிரகமே செத்துப்போச்சு. ஒருத்தனுக்கு நாய். உன் ஆளுக்கு யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல."

ரத்தமே இல்லாத நோயாளியைப் பார்க்கும் டாக்டரைப் போல பிராக் அவனைப் பார்த்தார். "யாருமே சாகலைன்னா அவன் எதுக்குப் பறக்கணும்?"

"பறக்கப் பிடிக்கும். அதான்."

பிராக் மெதுவாகக் காபியைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமை ஷெர்மன் ஓக்ஸ்ல முன்னோட்டக் காட்சி. அதுக்குள்ள எனக்கு இன்னும் இருட்டா வேணும். இல்லேன்னா டைரக்டர் டார்ஸ்டன் வெல்டை வச்சு மறுபடி எடுப்போம். அம்மா கார் கழுவுற இடத்துல எரிஞ்சு சாவாங்க."

"அங்க நாலு பக்கமும் தண்ணி பீச்சிக்கிட்டே இருக்குமே?"

"அதுதான் துயரம்" என்றார் பிராக்.

டார்ஸ்டனின் போன படத்தில் கதாநாயகன் நாற்பது நிமிடம் மழையில் சும்மா நின்றான். வசனம் முழுக்க இடிதான் பேசியது. தன் படம் அந்த மழையில் கரைவதை நினைத்துக்கொண்டே வெண்டல் டி.ஐ. அறைக்குப் போய்ச் சேர்ந்தான்.

படத்தின் நிறங்களைக் கூட்டிக் குறைக்கும் கலரிஸ்ட் ஷூஷான் அங்கே லஹ்மஜூன் ரொட்டியைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தாள். கிளெண்டேல்காரி. இருபது வருடச் சிநேகிதி. கதை முழுவதையும் கேட்டுவிட்டு விரலைத் துடைத்தாள்.

"யோவ், அந்த ஆளு சரியா என்ன சொன்னான்? வார்த்தை மாறாம சொல்லு."

"'இன்னும் இருட்டா வேணும்'னான்."

"கதை இருட்டா வேணும்னானா?"

"அதைச் சொல்லல. ஆனா அதுதானே அர்த்தம்?"

"அர்த்தம் பாக்குறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க? இருட்டு கேட்டான். இருட்டு குடுப்போம்."

"விளையாடாத ஷூஷ். கண்டுபிடிச்சிடுவான்."

"எப்படி? 'இது கதை இருட்டா, படம் இருட்டா'ன்னு கேட்டா தனக்குப் புரியலேன்னு ஆயிடும். பெரிய ஆளுங்க உக்காந்திருக்கிற அந்த மாடியில எவனாவது 'புரியல'ன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

வெண்டல் கேட்டதில்லை.

ஷூஷான் நிறம் மாற்றும் உருளையைத் திருகினாள். எலுமிச்சை மஞ்சள் கடுகு மஞ்சளாகி, துருவாகி, கடைசியில் தாராக உறைந்தது. சாண்டா மோனிகாவின் பட்டப்பகல், அடுப்படிப் புகைக்கூண்டாக மாறியது. கேப்டன் பெலிகன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு பறக்கும் காட்சியில், பல்லும் போய், ஏதோ ஒன்று ஏதோ ஒன்றின் மேல் நகர்வதுதான் தெரிந்தது. ஒரு ஷாட்டை வெட்டவில்லை, ஒரு வசனத்தை மாற்றவில்லை.

புதன்கிழமை பிராக் வந்து பார்த்தார். பத்தாவது நிமிடத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்தார். உண்மையில் எதுவும் தெரியாததால்தான் முன்னே சாய்ந்தார். ஆனால் ஒருமுறை சாய்ந்த பிறகு அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"அடேயப்பா" என்றார். "அவன் அழறானா?"

அந்த இடத்தில் பெலிகன் மிளகாய்ப்பொடி தூவிய மாம்பழத் துண்டு தின்றுகொண்டிருந்தான்.

"உள்ளுக்குள்ள" என்றாள் ஷூஷான்.

கார் கழுவும் நிலையம் வந்தது. கும்மிருட்டு. தண்ணீர்ச் சத்தம். 'ஈரக்காலோட உள்ள வராதே!' என்று மாக்ஸினின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பிராக் சிலிர்த்துப்போய்க் கை மயிரைத் தடவிக்கொண்டார்.

"அம்மா... உயிரோட இருக்காங்களா, இல்ல இது அவன் ஞாபகமா?"

வெண்டல் வாயைத் திறந்தான். ஷூஷான் அவன் காலை மிதித்தாள். "அதைப் பார்க்கிறவங்கதான் முடிவு பண்ணணும்."

"இதைத்தான்யா இவ்வளவு நாளா நான் கேட்டேன்!" என்று பிராக் இருவரையும் கட்டிப்பிடித்தார். போகும்போது, "கடைசிச் சண்டையில சூரியன் கொஞ்சம் உறுத்துது, பாருங்க" என்றார். சூரியனையும் அணைத்தார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த மாடியில் இருண்டதெல்லாம் காவியம்.

வியாழன் மாலை ஷெர்மன் ஓக்ஸில் அரங்கு நிறைந்தது. படம் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் நிமிடம் பின்னாலிருந்து ஒருவன், "டேய், லைட் பில் கட்டலையாடா?" என்று கத்தினான். முன்வரிசையில் கறுப்பு டி-ஷர்ட்காரர்கள் திரும்பி அவனை முறைத்தார்கள். "என்ன துணிச்சல் பாரு, ஒண்ணுமே காட்டல" என்று அவர்களில் ஒருவன் நெகிழ்ந்தான். பாப்கார்ன் வாங்கப் போனவர் படியில் தடுக்கி விழுந்து முனகினார். பிராக் அதையும் அழுகைக் கணக்கில் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் கருத்து அட்டைகளை நிரப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு மதிப்பெண். உங்களை மிகவும் உலுக்கிய காட்சி எது என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்: 'அம்மாவின் மரணம்.'

படம் பிழைத்துவிட்டது. டார்ஸ்டன் வரமாட்டான். வெண்டலுக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது, வெளிக்கூடத்தில் மாக்ஸினைப் பார்க்கும் வரைக்கும்.

மாக்ஸினுக்கு எழுபத்தொரு வயது. தன் பவுலிங் சிநேகிதிகள் பதினொரு பேரை அழைத்து வந்திருந்தாள். எல்லோரும் ஒரே மாதிரி ஊதாச் சட்டை போட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பைகளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நல்லா நடிச்சிருக்கேன்னு காதுல விழுந்துது, கண்ணு" என்றாள் மாக்ஸின்.

"மாக்ஸின், அது வந்து... ஸ்டுடியோவுல..."

"முப்பத்திரண்டு வருஷமா நர்ஸா வந்திருக்கேன், ஜட்ஜா வந்திருக்கேன், பிணமா நாலு தடவை படுத்திருக்கேன். இதுதான் பேரு வச்ச முதல் வேஷம். பிணமா படுத்தப்பகூட மூஞ்சி தெரிஞ்சுது, கண்ணு." அவன் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டு, "வாங்கடி, பசிக்குது" என்று ஊதாச் சட்டைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெண்டல் காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைப் போடவில்லை. அம்மாவைச் சாகாமல் காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தான். டார்ஸ்டனாவது அவளை எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைக் காட்டியிருப்பான்.

மறுநாள் காலை நேரே பிராக் அறைக்குப் போனான். ஷூஷானும் கூட வந்தாள். "வேலை போச்சுன்னா எங்க மாமா கடையில ரொட்டி சுடலாம்" என்று தைரியம் சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

"ஒரு ஷாட்கூட மாத்தல, பிராக்" என்றான் வெண்டல். "வெளிச்சத்தைத்தான் குறைச்சோம். நீங்க வேண்டாம்னு சொன்ன அதே படம். அம்மா சாகவே இல்ல. மாக்ஸின் முகம் தெரியணும். அந்த வெளிச்சத்தைத் திருப்பிக் குடுங்க."

பிராக் எழுந்து கதவைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். பிறகு அறை இருட்டாக இருப்பதைக் கவனித்து விளக்கைப் போட்டார்.

"நான் மேல போய், 'இதுவரைக்கும் யாரும் தொடாத இருட்டு'ன்னு சொல்லிட்டேன்யா! கேட்டுட்டு எழுந்து நின்னு கை தட்டினாங்க. இப்ப போய் ஸ்விட்சை அணைச்சிருந்தாங்கன்னு சொல்லவா?"

"அப்ப நான் சொல்றேன்."

"சொன்னா உன் படமும் போகும், நானும் போவேன்."

"மாக்ஸின் ஏற்கெனவே போயிட்டாங்களே."

ஷூஷான் தன் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தாள். வெளிச்சமான பிரதி. மாக்ஸின் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லனின் காரைக் கழுவுகிறாள். வில்லன், உலகம் இன்று மாலை அழியும் என்று ஜன்னல் வழியாக மிரட்டுகிறான். "அழியட்டும்டா, முதல்ல கண்ணாடியை ஏத்து, சீட்டு நனையுது" என்கிறாள். பிராக்கிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை அவர் அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார்.

இரண்டு நிமிடம் கழித்து இருமலாக மாற்ற முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

"முதல் பாகத்துல அம்மா செத்துட்டாங்க. அட்டையில அப்படித்தானே எழுதியிருக்கு?"

"ஆமா, ஆனா..."

"இது ரெண்டாம் பாகம். அம்மா திரும்பி வர்றாங்க. 'பெலிகன்: விடியல்'!"

"ரெண்டும் ஒரே படம், பிராக்!"

"யாரு பார்த்தா?" என்றார் பிராக்.

உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. பிராக் அதற்குள் மாக்ஸினைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்துவிட்டார்.

"முதல் படத்துல நான் செத்துட்டேனா?" மாக்ஸின் குரல் அறையில் கணீரென்றது. "எப்படிச் செத்தேன்?"

"அது... இருட்டுல சரியா தெரியல, மேடம்."

"செத்து எழுந்து வர்றதுக்குச் சம்பளம் தனி. என் ஏஜெண்டு பேசுவான்."

"நிச்சயமா, மேடம்."

"வெண்டல் இருக்கானா? கண்ணு, ஷூட்டிங் எப்ப?"

வெண்டல் பிராக்கைப் பார்த்தான். பிராக் கைகூப்பாத குறையாக அவனைப் பார்த்தார். இதற்கு ஒத்துக்கொண்டால், ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிவிட்டு, இரண்டு படம் எடுத்த மேதையாக வாழ்நாள் முழுக்க அவன் நடிக்க வேண்டும். திரையில் மாக்ஸின் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

"முடிஞ்சிருச்சு, மாக்ஸின்" என்றான்.

"ஓ. நான் நல்லா நடிச்சேனா?"

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க. பவுலிங் டீமையும் கூட்டிட்டு வாங்க."