எட்டு நாற்பதுக்கு நிற்பவன்

பன்னிரண்டாம் வகுப்பு இ பிரிவில் அந்த வருடம் படித்த நாற்பத்தொரு பேருக்கும், பள்ளியின் கடைசி நாளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபடியே வாழ்க்கை அமைந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று எழுதப்பட்ட ஒல்லிப் பெண், நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் வருடமே பறந்தாள். காற்று மாதங்களில் கைப்பையில் இரண்டு செங்கல்லோடுதான் டியூட்டிக்கு வருவாள்; செங்கல்லை மறந்த நாட்களில் இரண்டாவது மாடி நோயாளிகளுக்கு ஜன்னல் வழியாக ஊசி போட்டாள். தூங்கியே பிழைப்பான் என்று எழுதப்பட்டவனை மெத்தைக் கடைக்காரர் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் படுக்க வைத்தார், பதினெட்டு வருடம் படுத்திருந்தான். கணக்கு வாத்தியாரை அழ வைத்தவன் தானே கணக்கு வாத்தியாராகி அழுவான் என்று ஒரு வரி. அவன் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தக்காளி விலை ஏறியதைப் பேசிய அளவுக்குக்கூட ஊரில் இதை யாரும் பேசவில்லை. பேச வேண்டியது வேறு இரண்டு வரிகளைப் பற்றி.

அந்தப் பள்ளியில் அது வருடா வருடம் நடப்பதுதான். கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி என்று 'இருபது வருடம் கழித்து' என்ற தலைப்பில் ஒரு தாள் போடுவார்கள். சட்டம் மூன்று. தனக்குத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவருக்கு எழுத வேண்டும். புகழக் கூடாது, கிண்டல்தான் பண்ண வேண்டும். நாற்பத்தொரு வரியையும் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ஆணி மாதிரியான பேனாவால் கீறி, பள்ளி அலுவலகத்து மிஷினில் மை தடவி உருட்டி எடுப்பார்கள். அந்த வருடம் கீறியவள், அச்சடித்தாற்போல் எழுதுவதால் அச்சு என்று பெயர் வாங்கியவள். இதற்கு முன்னாலும் பின்னாலும் போட்ட தாள்களில் எழுதியது எதுவும் பலிக்கவில்லை. இது மட்டும் ஏன் பலித்தது என்பதற்கு அலுவலக உதவியாளர் மையைக் காரணம் சொன்னார், தலைமையாசிரியர் மிஷினைச் சொன்னார். பெற்றவர்கள் பிள்ளைகளின் திமிரைச் சொன்னார்கள்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத நான்காவது சட்டம் ஒன்றும் இருந்தது. மனசுக்குப் பிடித்தவரைத்தான் எல்லாரையும்விட மோசமாகக் கிண்டல் பண்ண வேண்டும். கொஞ்சம் இரக்கம் காட்டினாலும் வகுப்பு முழுக்க மோப்பம் பிடித்துவிடும், அப்புறம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அச்சுவின் சீட்டில் வந்தது லேட்டுவின் பெயர். தினமும் எட்டு நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவன், அதனால் லேட்டு. மூன்று வருடமாக அவன் ஓடி வந்து வாசலில் நிற்கும் நிமிடம் வரைக்கும் அவளுக்குப் பாடம் காதில் ஏறாது. இது அவளுக்கு மட்டும் தெரியும். அவனுக்கு அவள் ஏதோ ஒரு வரியைக் கீறினாள், படித்துப் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்துபோய் அதன் மேல் திருத்தும் திரவத்தைப் பூசினாள். சிவப்பாக, நகப்பூச்சு வாசனை அடிக்கும் திரவம் அது; பூசி ஆறவிட்டால் அதன் மேலேயே மறுபடி கீறலாம். ஆறியதும் அழுத்திக் கீறினாள்: 'இவன் பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே நிற்பான். இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அங்கேதான் நிற்பான்.' வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. லேட்டுவும் சிரித்தான்.

அவன் சீட்டில் வந்தது அவள் பெயர். அவனுக்கும் அந்த நான்காவது சட்டம் தெரிந்திருக்கிறது, பாவிப்பயல். இரண்டு நாள் யோசித்து அவன் கொடுத்த வரியை அவள் தன் கையாலேயே கீறினாள்: 'இவள் எங்கேயோ தூர ஊரில் பெரிய அதிகாரி ஆவாள். எங்களில் ஒருத்தர் முகம்கூட இவளுக்கு ஞாபகம் இருக்காது.'

தேர்வு முடிவு வந்த பதினோராம் நாள், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேரப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு லேட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். அன்றைக்குப் பார்த்து நேரத்தோடு வந்துவிட்டான். பஸ் வந்தது, ஏறக் காலைத் தூக்கினான், கால் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் வரவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தான், அதற்கும் வரவில்லை. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் புதுச்சட்டை கிழிந்ததுதான் மிச்சம். நிழற்குடைக்குள் ஆறு அடி இப்படி, ஆறு அடி அப்படி நடக்கலாம், சிமென்ட் பெஞ்சில் உட்காரலாம், படுக்கலாம். அதற்கு மேல் ஒரு எட்டு வைக்க முடியாது. முதல் மாதம் வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. இரண்டாம் மாதம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவனிடம் பையைக் கொடுத்து, "தம்பி, கொஞ்சம் பாத்துக்கோ" என்று டீ குடிக்கப் போனார்கள். நான்காம் வருடம் போக்குவரத்துக் கழகம் அவனையே அந்த ஸ்டாப்புக்கு டைம்கீப்பராகப் போட்டது. லேட்டு என்று பெயர் வாங்கியவன் ஒவ்வொரு பஸ்ஸும் வரும் நிமிடத்தை நோட்டில் எழுதினான். அவன் எழுதிய நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினதில்லை.

அவன் அம்மா ஒன்பது வருடம் மூன்று வேளையும் டிபன் கேரியர் தூக்கி வந்தாள். மழைக்காலத்தில் கேரியருக்குக் குடை பிடித்துத் தான் நனைந்து வருவாள். "எம்புள்ள ஊர்ல எவனையும் போல இல்ல, எப்பப் போனாலும் இருக்கிற எடத்துல இருப்பான்" என்று பெருமை மாதிரிச் சொல்வாள், சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். பத்தாம் வருடம் அவள் இறந்தபோது அவனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவளை ஏற்றிய வண்டியை ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் ஏறிப் பார்க்கக் காலைத் தூக்கினான், அந்த வண்டிக்கும் கால் வரவில்லை. ஓட்டுநரும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கீழே இறக்கி சிமென்ட் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அன்றைக்கு அந்த வழியே போன பஸ்கள் எல்லாம் ஹாரன் அடிக்காமல் போயின. நோட்டில் அன்றைய பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது.

அச்சுவின் கதையும் வரி பிசகாமல் நடந்தது. மேல்படிப்புக்கு ரயிலேறியவள் ஆறாவது ஸ்டேஷன் தாண்டும்போது கூடப் படித்த நாற்பது பேரையும் மறந்தாள். பள்ளி ஞாபகம் இருந்தது, கரும்பலகையின் மூலையில் இருந்த எண்ணெய்க் கறை ஞாபகம் இருந்தது. பெஞ்சுகள் மட்டும் காலியாக இருந்தன. அவள் நினைவில் வாத்தியார் காலி பெஞ்சுகளைப் பார்த்து வரிசையாகப் பெயர் கூப்பிடுவார், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். படித்து, தேர்வெழுதி, தூரத்து ஊர் ஒன்றில் பத்திரப்பதிவு அதிகாரி ஆனாள். கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் அசலா போலியா என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "யாருக்கோ சொல்லி வெச்ச மாதிரி இருக்கு. யாருன்னுதான் தெரியல" என்பாள்.

இருபதாம் வருடம் நிறைந்த அன்று வகுப்பே ஸ்டாப்பில் கூடியது. இன்றோடு கெடு முடிகிறது, பஸ் ஏறிவிடுவான் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. புதுப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்திருந்தார்கள். நர்ஸ் மூன்று செங்கல்லோடு வந்திருந்தாள், வாத்தியார் வழக்கம்போல அழுதுகொண்டிருந்தான். எட்டு நாற்பது வந்தது. லேட்டு காலைத் தூக்கினான். கால் வரவில்லை. தாளில் இருபது வருடம் கழித்தும் நிற்பான் என்றுதான் இருந்தது, எந்த நாள் வரைக்கும் என்று இல்லை. அவன் நோட்டை எடுத்து, "எட்டு நாப்பது, கரெக்ட் டைம்" என்று எழுதிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான். "வாங்கின கடையில குடுத்துடுங்க, வேஸ்ட் ஆயிடப் போவுது."

அடுத்தவர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு அலைவாள் என்று எழுதப்பட்ட வகுப்பு லீடருக்கு அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. கீறியவள் கையாலேயே அழித்தால் அழியும் என்று அவளுக்குத் தோன்றியது. அலுவலக உதவியாளர் பரணில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த ஸ்டென்சிலைக் கெஞ்சி வாங்கினாள், ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து அச்சுவின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அச்சு அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "நீங்க எந்த பத்திரத்துக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அடியே, உன் பக்கத்துலயே மூணு வருஷம் உக்காந்தேண்டி."

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு அந்த பெஞ்சு ஞாபகம் இருக்கு. உங்களைத்தான் தெரியல."

லீடர் ஸ்டென்சிலை மேஜையில் விரித்தாள். தன் கையெழுத்தை அச்சு பார்த்தவுடன் கண்டுகொண்டாள். லேட்டுவின் வரியை ஆணியால் குறுக்கே கீறி அழித்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறுக்குக் கோடு மூடிக்கொண்டது, வரி அப்படியே இருந்தது. மறுபடி அழித்தாள், மறுபடியும் மூடியது. மூன்றாம் முறை அழுத்தியதில் இருபது வருடத்துச் சிவப்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில், அதே கையெழுத்தில், பதினேழு வயதில் எழுதிப் பயந்து மூடிய வரி இருந்தது: 'இவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊரில்தான் நான் இருப்பேன்.' மேலே கீறியது மெழுகு வரைக்கும் இறங்கியிருந்ததால் அதுவும் போகவில்லை. இரண்டு வரியும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. அச்சு அதைப் படித்துவிட்டு அழுதாள். "யாருங்க இது? யாருக்காக இப்படி எழுதினேன்?" என்று லீடரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் அழுவதைப் போல ஒரு கொடுமை இல்லை. லீடர் முழுக்கதையையும் சொன்னாள். டீ ஆறுவதற்குள் அச்சு மறந்துபோனாள்.

ஆனாலும் அடிவரி வெளிச்சத்துக்கு வந்துவிட்டதால் அதுவும் பலிக்கத்தான் வேண்டும். மூன்றாம் நாள் லேட்டு நிற்கும் ஊருக்கே மாற்றல் உத்தரவு வந்தது, விண்ணப்பிக்காமலே. பத்திரப்பதிவு அலுவலகம் ஊரின் மறுகோடியில். எட்டு நாற்பது பஸ்ஸை விட்டால் அங்கே நேரத்துக்குப் போகப் பின்னால் வேறு பஸ் இல்லை. முதல் நாள் காலை எட்டரைக்கு அவள் ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது, லேட்டுவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. காதோரம் நரைத்துப்போன மனிதன், சின்னப் பிள்ளை மாதிரி மூச்சு விடாமல், இருபது வருடக் கதையைப் பத்து நிமிடத்தில் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள், அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், "நான் விளையாட்டுக்கு எழுதினேன், சத்தியமா விளையாட்டுக்கு" என்றாள். பஸ் வந்தது. பாலம் தாண்டுவதற்குள் மறந்துவிட்டாள். தன் முகம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கண்டக்டரிடம் கேட்டாளாம்.

மறுநாளும் வந்தாள், அவனைத் தெரியவில்லை. அவன் மறுபடி சொன்னான், அவள் மறுபடி முதல் தடவை போலவே தேம்பினாள். ஒரு வாரம் இப்படி நடந்தது. எட்டாம் நாள் லீடர் போய், "இன்னிக்கு என்ன சொன்னா?" என்று விசாரித்தபோது அவன் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "இனிமே சொல்லப்போறதில்ல. எனக்குச் சொல்லிட்டோம்னு ஆறுதலா இருக்கு, ஆனா அவளுக்கு ஒவ்வொரு நாளும் புதுசா வலிக்குது. நான் எழுதின வரிக்கு நான்தான் வாயை மூடணும்." லீடர் வீட்டுக்குப் போனாள். அடுத்தவர் வேலை ஒன்றை அவள் பாதியில் விட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது ஏழு வருடமாகிறது. எட்டு நாற்பது பஸ்ஸின் டிரைவர் அந்த ஸ்டாப்பில் மூன்று நிமிடம் அதிகம் நிற்கிறார், உள்ளே யாரும் முணுமுணுப்பதில்லை. அவசரக்காரர்கள் அதற்கு முந்தின பஸ்ஸில் போய்விடுகிறார்கள். கழகம் அச்சடித்த கால அட்டவணையில் போன வருடத்திலிருந்து அந்த மூன்று நிமிடத்தையும் சேர்த்துவிட்டது. அச்சு தினமும் எட்டரைக்கு வருகிறாள். நிழற்குடையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்த முன்பின் தெரியாத மனிதனைப் பார்த்ததும் என்னவோ ஒரு நிம்மதி, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறாள். வெயில், மழை, சாலையில் தோண்டிய குழி என்று ஏதாவது பேசுகிறார்கள். பேச்சை ஆரம்பிப்பது எப்போதும் அவள்தான், கேட்பதும் ஒரே கேள்விதான்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்லங்க, இப்பதான் வந்தேன்" என்று சொல்லி, அவன் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறான்.