ஒரு சுற்று விலகி

தண்ணீர்க் குடத்தைப் பிச்சைமுத்துவின் இடது தோளில் ஏற்றிவிட்டு, சடங்கு செய்யும் சன்னாசி பின்னால் வந்து கத்திமுனையால் முதல் ஓட்டையைப் போட்டான். தண்ணீர் பீச்சி மண்ணில் விழுந்தது. பிச்சைமுத்து சிதையைச் சுற்றத் தொடங்கினார்.

சிம்பாங் பூலாய் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்துச் சுடுகாடு. சிதையில் அண்ணன் மாயாண்டி. கல்யாணம் காட்சி இல்லாமல் சங்கம் சங்கம் என்றே அலைந்த மனிதர். கொள்ளி வைக்கத் தம்பியை விட்டால் ஆளில்லை.

குனோங் ராபாட் வீட்டில் இருவர் மட்டும்தான். சாயங்காலமானால் கோப்பியும் கொசுவத்தியும் வாக்குவாதமும். சமுதாயம் எந்தப் பக்கம் போகிறது என்பதில் மாயாண்டிக்குச் சந்தேகமே கிடையாது. சங்கக் கூட்டத்தில் சாக்கட்டியால் சுருள் படம் போட்டே காட்டுவார்.

“இந்தக் கொசுவத்தியப் பாருடா. எத்தன சுத்து வந்தாலும் பழைய எடத்துக்கு வராது. ஒரு சுத்து விலகித்தான் வரும். நாமளும் அப்படித்தான்.”

“வெறும் வட்டம்ண்ணே. அப்பா வெள்ளக்காரனுக்கு மரம் சீவுனாரு, நான் சீன மொதலாளி தவுக்கேக்குச் சீவுனேன், எம் மவன் வெளியூருல ஜப்பான்காரன் பேக்டரியில நிக்கிறான். எங்க விலகுச்சு?”

போன வாரம் பிச்சைமுத்து நாக்கை அடக்காமல் இன்னொன்றும் சொல்லிவிட்டார். “உங்க வத்தியும் கடைசில சாம்பலாத்தான் போவுது லா.”

மாயாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் வாழ்ந்தது எதுக்குடா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். பதில் சொல்ல நாள் கிடக்கிறது என்று தம்பி நினைத்தார்.

இரண்டாவது ஓட்டை. பிச்சைமுத்து ஓரடி தள்ளி நடந்தார்.

“ஒட்டி வாங்கண்ணே, எங்க போறீங்க?” என்றான் சன்னாசி.

மூன்றாவது சுற்றில் இன்னும் தள்ளிப் போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. துக்கத்தில் கால் தடுமாறுகிறது என்றார்கள். கால் ஒன்றும் தடுமாறவில்லை. முந்தைய ஈரக்கோட்டோடு சேர்ந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத்தான் அடி வைத்தார்.

தலைமாட்டில் நின்று குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார். முதுகைக் காட்டியபடியே கொள்ளி வைத்தார்.

“திரும்பிப் பாக்காம நடங்கண்ணே.”

நடந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் பேச்சுக்கு ஒத்துப்போயிருக்கிறார். அதைக் கேட்க அண்ணன் இல்லை. இனி வீட்டில் மறுத்துப் பேசவும் ஆளில்லை.

“சன்னாசி, தண்ணி விழுந்த கோடு ஒண்ணோடொண்ணு சேந்துருச்சா?”

“எந்தக் கோடுண்ணே? அதெல்லாம் வெயில்ல அப்பவே காஞ்சிருச்சு லா.”

லாரி ஏறும்வரை பிச்சைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.